அலாஸ்கா குரூஸ்: முதலில் வரைபடம், கப்பல் பிறகு

அலாஸ்கா குரூஸ் தேடும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது கப்பலின் படங்களை. எத்தனை மாடி, சறுக்குமரம் உண்டா, கோ-கார்ட் ஓடுகிறதா, சாப்பாட்டுக் கூடங்கள் எத்தனை. கரீபியன் பயணத்துக்கு இந்த வரிசை சரி. அங்கே கப்பல்தான் விடுமுறை. அலாஸ்காவில் நாம் காசு கொடுப்பது கப்பலுக்கு வெளியே இருப்பதற்காக. ஏழு நாள் பயணத்தில் பனியாற்றுக்கு (கிளேசியர்) எதிரே கப்பல் நிற்கும் நாள் வழக்கமாக ஒன்றே ஒன்று. அந்த நாளில் எந்தப் பனியாறு, எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் என்று பார்த்துப் பயணத்தை முடிவு செய்யுங்கள். கப்பலின் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்களையும், கோடையில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அப்பா அம்மா கூட வரும்போது விசா, சாப்பாடு, குளிர் மூன்றும் வேறு கணக்காகிவிடும்.

எங்கே ஏறுவது, எப்போது போவது

சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்கும் பயணம், வான்கூவரில் ஏறி அங்கேயே இறங்கும் பயணம், வான்கூவருக்கும் வடக்கே சீவார்டு அல்லது விட்டியருக்கும் இடையே ஒருவழிப் பயணம். பெரும்பாலான பயணங்கள் இந்த மூன்றில் அடங்கிவிடும். சியாட்டிலுக்கு விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், கனடாவுக்குள் பறக்க வேண்டாம். அதனால் பலர் அதை எடுக்கிறார்கள். விளம்பரத்தில் வராத ஒரு விஷயம் உண்டு. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடல் வழியாக வடக்கே போகின்றன. முதல் இரவும் மறுநாளும் ஆட்டம் நன்றாகவே தெரியும். கண்ணுக்குக் கடலைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நீர்வழியில் போகும். இரண்டு பக்கமும் காடு. அலை மிகக் குறைவு. ‘இன்சைடு பாசேஜ்’ என்று எல்லா நிறுவனமும் விற்கும் வழி முழுதாகக் கிடைப்பது இந்தக் கப்பல்களில்தான். கார் பயணத்திலேயே தலைசுற்றும் ஆள் வீட்டில் இருந்தால் வான்கூவருக்குப் போகும் கூடுதல் செலவு நியாயமானது.

ஒருவழிப் பயணத்தில் இன்னும் வடக்கே போகலாம். இறங்கியபின் டெனாலி தேசியப் பூங்கா வரை ரயிலில் போகலாம். ஆனால் ஒரு ஊருக்குப் பறந்து இன்னொரு ஊரிலிருந்து திரும்ப வேண்டும். அருகிலுள்ள பெரிய விமான நிலையம் இருக்கும் ஆங்கரேஜிலிருந்து நான்கைந்து பேருக்கு டிக்கெட் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பருவம் மே முதல் செப்டம்பர் வரை. தென்கிழக்கு அலாஸ்கா மழைக்காட்டு நிலம். மே மாதத்தில் மழை ஒப்பீட்டளவில் குறைவு, மலைத் தலைகளில் வெள்ளை இருக்கும், விலையும் குறைவு. பள்ளிக்கூடம் முடியாததுதான் தொல்லை. ஜூன் கடைசியில், கப்பல் நிற்கும் ஊரான ஜூனோவில் பகல் ஏறக்குறைய 18 மணி நேரம். இரவு பத்து மணிக்கும் டெக்கில் நின்று திமிங்கிலம் தேடலாம், குழந்தைகளைத் தூங்கவைப்பதுதான் பாடு. ஜூலை, ஆகஸ்டில் சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறும். அவற்றைத் தின்னக் கரடிகள் ஓடைக்கரைக்கு வரும். கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். செப்டம்பரில் மழை வலுக்கும், கடல் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டும். ஆனால் இரவு இருட்டுவதால் வானம் தெளிந்தால் துருவ ஒளி தெரிய வாய்ப்பு உண்டு. அதை நம்பி மட்டும் செப்டம்பரில் பதிவு செய்ய வேண்டாம்.

கனடா விசா என்னும் கண்ணி

சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கினாலும் கப்பல் கனடாவைத் தொட்டே தீரும். 1886-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டம் இதற்குக் காரணம். வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்காமல் அமெரிக்காவுக்குள்ளேயே பயணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றி வர முடியாது. பெரிய குரூஸ் கப்பல்கள் அநேகமாக எல்லாம் வெளிநாட்டுக் கொடிதான். அதனால்தான் பயணத்தின் கடைசி மாலை விக்டோரியா என்ற ஊரில் சில மணி நேரம் நிற்கிறார்கள். பல கப்பல்கள் அங்கே வருவதே இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மேல். ஊரைப் பார்க்க அல்ல, சட்டத்தைத் திருப்திப்படுத்தத்தான் அந்த நிறுத்தம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள்: கனடா விசா வேண்டும். ‘நாங்கள் விக்டோரியாவில் இறங்கமாட்டோம், அறையிலேயே இருந்துகொள்கிறோம்’ என்ற வாதம் எடுபடாது. விசா இல்லாதவரை சியாட்டிலிலேயே ஏற்றமாட்டார்கள், பணமும் திரும்பாது. அமெரிக்க கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் விதி எளிது: செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் கார்டும் கையில் இருந்தால் போதும். எச்1பி, எச்4, மாணவர் விசாக்காரர்களுக்கும், பார்வையாளர் விசாவில் வந்த பெற்றோருக்கும் இந்தச் சலுகை கிடையாது. கைரேகை, கடவுச்சீட்டு அனுப்புவது என்று படிகள் பல. பெற்றோருக்கு ஊரில் இருக்கும்போதே கனடா விசா வாங்கிவிடுவது நல்லது. அவர்கள் அமெரிக்கா வந்தபிறகு தொடங்கினால் கடவுச்சீட்டு தபாலில் இருக்கும் நேரத்தில் பயண நாள் நெருங்கிவிடும்.

அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் விக்டோரியாவிலிருந்து திரும்புவது மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைவது. ஐ-94 என்னும் அமெரிக்க நுழைவுப் பதிவை இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வான்கூவரில் ஏறினால் கனடா பிளேஸ் முனையத்திலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை நடந்துவிடும். வரிசை நீளம், ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல் இருந்தால் மிக நீளம். வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எந்தப் பனியாறு

பயண அட்டவணையில் பனியாற்று நாளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

‘கிளேசியர் பே’ என்று இருந்தால் அதை முதலிடத்தில் வையுங்கள். இது தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பல்களுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அனுமதி வைத்திருக்கும் நிறுவனங்கள் சிலவே, எனவே எல்லாக் கப்பலுக்கும் இது கிடைக்காது. காலையில் பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கயிற்றேணி பிடித்துக் கப்பலில் ஏறுவார்கள். நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள், குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் தருவார்கள். 1794-இல் ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடாவை ஏறக்குறைய முழுதும் பனி அடைத்திருந்தது. 1879-இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்தபோது பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இப்போது 65 மைல் உள்ளே போனால்தான் விரிகுடாவின் முடிவு. உள்ளே மெதுவாகப் போய், மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று, திரும்பி வர ஒரு முழுப் பகல் ஆகும். மார்ஜரியின் முகப்பு ஏறத்தாழ ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் சுமார் 250 அடி உயரம். அதன் அருகிலேயே கறுப்பாக, மண்மேடுபோல் ஒன்று தெரியும். அதையும் கவனியுங்கள், அது கிராண்ட் பசிபிக் பனியாறு. மேலே கல்லும் மண்ணும் மூடியிருப்பதால் பலர் அதைப் பனி என்றே உணராமல் திரும்பிவிடுகிறார்கள்.

‘ஹப்பர்டு’ இன்னொரு நல்ல தேர்வு, பெரும்பாலும் ஒருவழிப் பயணங்களில் வரும். 76 மைல் நீளம், முகப்பு மட்டும் ஆறு மைலுக்கு மேல். உலகெங்கும் பனியாறுகள் தேய்ந்துகொண்டிருக்க, இது முன்னேறுகிறது. 1986-லும் 2002-லும் ரஸல் ஃபியோர்டு என்னும் ஒடுங்கிய கடற்கிளையின் வாயை அடைத்து அதை ஏரியாக்கிவிட்டது. சிக்கல் என்னவென்றால் அதன் முன்னால் மிதக்கும் பனிக்கட்டிகள். அவை அடர்த்தியாக இருந்தால் கேப்டன் சில மைல் தள்ளியே கப்பலைத் திருப்பிவிடுவார்.

‘எண்டிகாட் ஆர்ம்’ அல்லது ‘ட்ரேசி ஆர்ம்’ என்று இருந்தால் ஒரு படி கீழே வையுங்கள். இடம் அழகில் குறைந்ததல்ல. செங்குத்தான பாறைச் சுவர்களும் அருவிகளும் கொண்ட ஒடுங்கிய ஃபியோர்டுகள். ஆனால் பெரிய கப்பல்கள் கடைசி வரை போகாமல் திரும்பும் நாட்கள் நிறைய. அதே நாளில் ஜூனோவும் இருப்பதால் நேரமும் குறைவு. ட்ரேசி ஆர்மில் 2025 ஆகஸ்ட் 10 அன்று தெற்கு சாயர் பனியாற்றின் பக்கத்தில் மலைச்சரிவு விழுந்து பெரிய அலை எழுந்தது. அதன் பிறகு கப்பல்கள் எண்டிகாட் பக்கம் திரும்பியிருக்கின்றன. இந்த வகைப் பயணத்தில் எண்டிகாட் ஆர்மின் முடிவில் உள்ள டாஸ் பனியாற்றை அருகில் பார்க்க வேண்டுமானால், கப்பலிலிருந்தே சிறு படகுக்கு மாறிப் போகும் சுற்றுலா விற்பார்கள். விலை அதிகம், ஆனால் அந்த நாளை மீட்கும் ஒரே வழி அது.

அட்டவணையில் ‘இன்சைடு பாசேஜ் பயணம்’ என்று மட்டும் எழுதி, பனியாற்றின் பெயரே இல்லாத நாளும் உண்டு. அது வெறும் கடல்நாள்.

அறை

பால்கனி அறைக்கு அடித்துக்கொள்பவர்கள் ஒரு கணக்குப் போடலாம். நான்கு பேர் ஒரு பால்கனி அறையில் அடைந்துகொள்ளும் விலைக்கு, ஜன்னல் இல்லாத உள் அறைகள் இரண்டு சில சமயம் கிடைத்துவிடும். இரண்டு குளியலறை என்பது காலை ஏழு மணிக்கு உண்மையான வசதி. பனியாற்று நாளில் கப்பல் ஒரே இடத்தில் மெதுவாகச் சுற்றி இரண்டு பக்கமும் காட்டும். எல்லோரும் மேல்தளத்தில்தான் நிற்கப்போகிறோம். முழங்கால் வலியால் நெடுநேரம் நிற்க முடியாத பெரியவர்கள் இருந்தால் கதை வேறு: அவர்களுக்குப் பால்கனி, எதிர்ப்பக்கம் பிள்ளைகளுக்கு உள் அறை என்று எடுப்பதே என் யோசனை. பேத்தி போர்வை சுற்றிக்கொண்டு பாட்டியின் பால்கனிக்கு வந்துவிடுவாள்.

ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். ஒருவழிப் பயணத்தில் வடக்கே போகும்போது கரை பெரும்பாலும் வலப்பக்கம். சுற்றுப் பயணத்தில் பக்கம் பார்க்கத் தேவையில்லை.

குளிருக்கு அல்ல, காற்றுக்கும் மழைக்கும்

கோடையில் ஜூனோவின் பகல் வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். ஊட்டிக்குப் போகிற மாதிரிதான். இதை நம்பி ஒரு ஸ்வெட்டரோடு வந்தவர்கள் பனியாற்றுக்கு முன்னால் பத்து நிமிடத்தில் உள்ளே ஓடுவார்கள். பனியின் மேலிருந்து இறங்கும் காற்றும் கப்பல் ஓடும் வேகமும் சேர்ந்து டெக்கில் உடம்புக்கு உறைநிலை அளவுக்கு உணர வைக்கும். இன்னொரு கோடியில், நியூயார்க் பனிக்காலத்துக்கு வாங்கிய தடித்த கோட்டைத் தூக்கி வருபவர்கள். அது நனைந்தால் மூன்று நாள் காயாது, அறையில் தொங்கவிட இடமும் கிடையாது.

மூன்று அடுக்குப் போதும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் தலைமூடியோடு நீர் புகாத மெல்லிய ஜெர்கின். மூன்றாவது அடுக்கில் கஞ்சத்தனம் கூடாது. ‘நீர் தாங்கும்’ என்று எழுதியிருப்பதும் ‘நீர் புகாத’ என்று எழுதியிருப்பதும் வேறு வேறு, முதலாவது, கப்பல் நிற்கும் இன்னொரு ஊரான கெட்சிகனின் மழையில் அரை மணியில் தோற்றுவிடும். பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது, ஈரத்தோடு உடம்புச் சூட்டையும் உறிஞ்சும். கால்சட்டைக்கு மேல் போடும் மெல்லிய மழைக்கால்சட்டை திமிங்கிலப் படகுக்கு மிக உதவும். குடை கொண்டுவராதீர்கள், காற்றில் கம்பி மடங்கிவிடும்.

பெரியவர்களுக்கு நம் ஊர் குரங்குக் குல்லாவை மிஞ்ச எதுவும் இல்லை. காது, கழுத்து இரண்டையும் மூடும், பறக்காது. புடவை கட்டும் அம்மாக்கள் உள்ளே தெர்மல் கால்சட்டை போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஈரமான இறங்குபாலத்திலும் படகுப் படியிலும் கால் தடுக்கும். அந்த நாட்களுக்குச் சுடிதார் நல்லது. செருப்பு வேண்டவே வேண்டாம். நீர் புகாத ஷூ ஒன்று, கம்பளிச் சாக்ஸ் ஆளுக்கு மூன்று ஜோடி. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தே தீரும். நீச்சலுடையையும் மறக்காதீர்கள், கப்பலின் வெந்நீர்த் தொட்டி திறந்தேதான் இருக்கும். டயப்பர் போடும் குழந்தைகளைக் குளத்தில் விடமாட்டார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பெரும்பாலான நிறுவனங்கள் கப்பலிலேயே ஏற்றமாட்டார்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. ஒன்றை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் கரடி காட்டுக்குள் போய்விடும். எட்டு மடங்கு பெருக்கமே சரி. அதற்கு மேல் போனால் ஆடும் கப்பலில் கை நடுக்கமும் சேர்ந்து படம் துள்ளும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள் சட்டைப்பையில் வையுங்கள். கப்பல் அறைச் சுவர் இரும்பு. நான்கைந்து காந்தக் கொக்கிகள் கொண்டுபோனால் ஈர ஜெர்கின்களைத் தொங்கவிடலாம். சிறிய பொருள், ஆனால் இத்தனை பேர் உள்ள அறையில் பெரிய நிம்மதி.

பனியாற்றுக்கு முன்னால்

விடியும் முன்பே நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று பதறத் தேவையில்லை. கிளேசியர் பேயில் நேரம் தாராளம். முன்பகுதித் தளத்தை அன்று மட்டும் திறந்துவிடும் கப்பல்கள் உண்டு. முந்தின இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ செயலியிலோ அந்தத் தகவல் இருக்கும். போகும் வழியில் சவுத் மார்பிள் தீவைத் தவறவிடாதீர்கள். பாறை நிறைய கடற்சிங்கங்கள், தண்ணீரில் பஃபின் பறவைகள், காற்றடிக்கும் திசையைப் பொறுத்து வாடையும் வரும். குளூமி நாப் என்ற பாறைமலையில் வெள்ளைப் புள்ளி நகர்ந்தால் அது மலையாடு.

பனி உடைந்து விழுவதைப் படம் பிடிக்க எல்லோரும் செய்யும் தவறு, சத்தம் கேட்டபின் கேமராவைத் திருப்புவது. கப்பல் கால் மைல் தள்ளி நின்றாலே சத்தம் ஒரு நொடிக்கு மேல் தாமதமாக வரும், அதற்குள் பாதி விழுந்து முடிந்திருக்கும். பெரிய துண்டு விழும் முன் பெரும்பாலும் அதே இடத்திலிருந்து பொடிக்கட்டிகள் உதிரும். ஓர் இடத்தில் உதிர்வு தொடர்ந்தால் அந்த இடத்தை நோக்கி வீடியோவை ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் கண்ணால் பாருங்கள். முகப்பில் அடர்நீலமாகத் தெரிவது அண்மையில் உடைந்த இடம். அடர்ந்த பனி, ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கி நீலத்தை வெளிவிடுகிறது. காற்றுக்குமிழி நிறைந்த மேற்பரப்புப் பனி வெள்ளையாகவே இருக்கும். மேகம் மூடிய நாளில் இந்த நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும், அதனால் வெயில் இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய்ச் சூடாக எதையாவது குடித்துவிட்டு வாருங்கள். குழந்தைகள் விறைத்தபிறகு அழைத்துப் போனால் திரும்ப வெளியே வரமாட்டார்கள்.

துறைமுகங்கள்

ஜூனோ மாநிலத் தலைநகர், ஆனால் வெளியிலிருந்து சாலையே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். இங்கே காசு செலவழிக்க வேண்டிய ஒன்று திமிங்கிலப் படகு. ஆக் பே என்ற இடத்துக்குப் பேருந்தில் அரை மணிக்குள் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றுவார்கள். தலைக்கு 150 முதல் 200 டாலர் வரை ஆகும். கூனல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாயில் கழித்துவிட்டு, கோடையில் இங்கே மேயவே வருகின்றன. முதலில் தெரிவது நீராவிபோல் எழும் மூச்சு. மூன்று நான்கு முறை மூச்சு விட்டபின் முதுகை வளைத்து வாலைத் தூக்கினால் ஆழத்துக்குப் போகிறது என்று பொருள், அடுத்த சில நிமிடம் கேமராவைக் கீழே வைக்கலாம். படகுகள் கூனல் திமிங்கிலத்தை 100 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். ஓட்டுநரை விரட்டாதீர்கள்.

மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து சுமார் 13 மைல். நகரப் பேருந்து ஒன்றரை மைலுக்கு முன்பே இறக்கிவிடும். பெரியவர்களோடு போவதென்றால் படகுப் பயணத்தோடு சேர்த்து விற்கும் சீட்டே சரி. நக்கெட் அருவி வரை போய்வர இரண்டு மைல், சமதளம், பெரும்பாலும் மேடு இல்லை. ஆகஸ்டில் போகிறவர்கள் ஒன்று கவனிக்கவும்: 2011 முதல் ஆண்டுதோறும் மேலே சூசைட் பேசின் என்ற பள்ளத்தில் தேங்கும் பனிநீர் திடீரென்று உடைத்துக்கொண்டு வருகிறது. சமீப ஆண்டுகளில் ஆகஸ்டில் பெரிய வெள்ளம். அப்போது அந்தப் பக்கம் மூடிவிடுவார்கள்.

ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயில். 1896-இல் கனடாவின் குளோண்டைக்கில் தங்கம் கிடைத்த செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் இந்த மலையைக் கால்நடையாக ஏறினார்கள். ஓராண்டு உணவும் சாமானுமாக ஏறக்குறைய ஒரு டன் சரக்கு இல்லாதவரைக் கனடாக் காவலர்கள் எல்லையில் விடவில்லை. 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த மூன்றடிக் குறுகல் பாதை 20 மைலில் சுமார் 2,900 அடி ஏறுகிறது. போய்வர மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம். உச்சியில் எல்லோரையும் இடம் மாறச் சொல்வார்கள். பெட்டியின் வெளி மேடையில் நின்றும் பார்க்கலாம். உச்சி வரை மட்டும் போகும் ரயிலில் யாரும் இறங்குவதில்லை, கடவுச்சீட்டு கேட்கமாட்டார்கள். ஃப்ரேசர், கார்கிராஸ் வரை போகும் சுற்றுலா என்றால் கனடா விசாவோடு கடவுச்சீட்டும் கையில் வேண்டும்.

கெட்சிகனில் ஆண்டுக்கு 140 அங்குலத்துக்கு மேல் மழை. அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இல்லை. தூண்கள் மேல் கட்டிய கிரீக் ஸ்ட்ரீட் துறையிலிருந்து நடக்கும் தூரம், ஜூலை, ஆகஸ்டில் அதன் கீழே சால்மன் ஏறுவதை இனாமாகப் பார்க்கலாம். டிளிங்கிட், ஹைடா மக்கள் செதுக்கிய குலக்குறித் தூண்களுக்கு சாக்ஸ்மன் அல்லது டோட்டம் பைட். சில கப்பல்கள் ஊரில் நிற்காமல் ஏழு மைல் தள்ளி ‘வார்டு கோவ்’ என்ற துறையில் நிற்கும். பேருந்து வரிசை உண்டு, திரும்பும் நேரத்தில் ஒரு மணி கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஹெலிகாப்டர், கடல்விமானச் சுற்றுலாக்கள் மூடுபனியால் ரத்தாவது வாடிக்கை. பணம் திரும்பும், நாள் திரும்பாது. அதனால் மாற்றுத் திட்டம் ஒன்றை மனதில் வையுங்கள். வெளியாரிடம் பதிவு செய்தால் மலிவு, ஆனால் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல் வழியாக எடுத்த சுற்றுலா தாமதமானால் பொறுப்பு அவர்களுடையது. ஜூனோ, ஸ்காக்வே போன்ற இடங்களில் ஊருக்குள் சுற்றுவதற்கு வெளியார் போதும். துறையை விட்டு நெடுந்தூரம் போகும் பயணத்துக்குக் கப்பல் சீட்டு எடுங்கள். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால். கைக்கடிகாரத்தில் கப்பல் நேரம் இருக்கட்டும், போனை நம்ப வேண்டாம்.

இந்தப் பகுதியில் ஓதத்தால் கடல்மட்டம் 20 அடி வரை ஏறி இறங்கும். காலையில் சமமாக இருந்த இறங்குபாலம் மாலையில் செங்குத்தாகிவிடும் துறைகள் உண்டு. சக்கர நாற்காலியில் வரும் பெரியவர்கள் இருந்தால் திரும்ப ஏறும் நேரத்தை முன்பே பணியாளரிடம் கேட்டு வையுங்கள்.

சாப்பாடு, காசு, உடம்பு

இந்தியச் சைவச் சாப்பாடு பல கப்பல்களில் கிடைக்கும், ஆனால் பட்டியலில் எழுதியிருக்காது. பதிவின்போதே ஒரு முறை சொல்லி, முதல் இரவு உணவுக்கூட மேலாளரிடம் நேரில் இன்னொரு முறை சொல்லுங்கள். மறுநாளிலிருந்து முந்தின இரவே கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். முட்டை சேர்ப்பீர்களா, வெங்காயம் பூண்டு உண்டா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். காய்கறி சூப் என்று இருப்பதில் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம், கேட்காமல் எடுக்காதீர்கள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் கடைப் பொட்டலமாக, பிரிக்காமல் கொண்டுபோகலாம். மின்கெட்டில், குக்கர், வெந்நீர்க் கம்பி மூன்றும் சோதனையில் பறிமுதல் ஆகும். ஒரு பிளாஸ்க் வையுங்கள், பஃபேயில் வெந்நீர் கிடைக்கும். கப்பல் பழத்தையோ சாண்ட்விச்சையோ பையில் போட்டுத் துறைமுகத்தில் இறங்காதீர்கள், அபராதம் விழும்.

விளம்பர விலையில் வராதவை: தலைக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரையிலான பணியாளர் டிப்ஸ் (குழந்தைக்கும் உண்டு), வைஃபை, சுற்றுலாக்கள். நால்வருக்கு டிப்ஸ் மட்டுமே ஒரு வாரத்தில் 500 டாலரை நெருங்கும். கடலில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கப்பலின் செல்போன் அலைவரிசையோடு அது தானே ஒட்டிக்கொண்டால் பில்லைப் பார்த்து அழ வேண்டியிருக்கும். ஜூனோ துறைக்கு எதிரே உள்ள நகர நூலகத்தில் வைஃபை இலவசம்.

குமட்டல் மாத்திரையைக் கடல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும், சியாட்டிலில் கிளம்பும் மாலையே. வாந்தி தொடங்கியபின் போட்டால் உள்ளே நிற்காது. மெக்லிசின் தூக்கம் தரும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ள அப்பாக்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. பச்சை ஆப்பிளும் இஞ்சி மிட்டாயும் கப்பலிலேயே தருவார்கள். இன்சுலினை அறையின் சின்னக் குளிர்பெட்டியில் நம்பி வைக்காதீர்கள், போதிய குளிர் இருக்காது. மருத்துவப் பிரிவில் கேளுங்கள். வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் கப்பலில் பரவினால் கைக்குத் தடவும் சானிடைசர் பெரிதாகப் பலன் தராது, சோப்புப் போட்டுக் கழுவுவதே வழி. பஃபேயில் பொதுக் கரண்டியைத் தொட்டபின் கழுவாமல் சாப்பிடுவதுதான் முக்கிய வாசல். பெற்றோரின் பார்வையாளர் காப்பீட்டில் அவசர மருத்துவ வெளியேற்றம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஃபியோர்டு நடுவிலிருந்து ஒருவரை ஹெலிகாப்டரில் எடுத்துப் போகும் செலவு பயணச் செலவைப் பல மடங்கு தாண்டும்.

ஏறும் நாளும் இறங்கும் நாளும்

முந்தின நாளே சியாட்டில் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. 66-ஆம் துறையா 91-ஆம் துறையா என்று சீட்டில் பாருங்கள், இரண்டும் வேறு வேறு இடம். துறையில் கொடுக்கும் பெட்டி மாலை வரை அறைக்கு வராது, அதனால் கடவுச்சீட்டு, மருந்து, குழந்தைக்கு மாற்று உடை, ஒரு ஜெர்கின் கைப்பையில். கடவுச்சீட்டை அந்தப் பெட்டியில் போட்டு வரிசையில் மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு வாரமும் இருக்கிறார்கள்.

கடைசி இரவு பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்வார்கள், மறுநாள் போடும் உடையையும் ஷூவையும் வெளியில் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். கையிலேயே தூக்கிக்கொண்டு முதலில் இறங்குவதும் உண்டு, ஆனால் மின்தூக்கி வரிசை நீண்டிருக்கும். பெரியவர்களோடு அது வேண்டாம். சக்கர நாற்காலி உதவிக்கு முந்தின நாளே விருந்தினர் மேசையில் பெயர் கொடுக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களைக் குடிவரவு அதிகாரி தனியாக அழைக்கலாம், ஐ-94 அச்சு அப்போது உதவும். விமானம் நண்பகலுக்குப் பிறகு இருக்கட்டும். 91-ஆம் துறையிலிருந்து விமான நிலையம் போக, நெரிசலைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும். ஒரே காலையில் இரண்டு மூன்று கப்பல்கள் இறங்கும் நாட்களில் விமான நிலையத்துக் காவல் சோதனை வரிசையும் அதற்குத் தகுந்தபடி நீளும்.